பூட்டிக் கிடக்கும் பகுதி

அக்கா புது வீட்டுக் கதவைத் திறந்ததும் சொன்ன முதல் பேச்சைக் கேட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

"உன் தயவுலதான்டி இந்த வீடே! டிவில உங்க பூகம்ப ஆராய்ச்சி ஆபீஸ் டைரக்டர் சொன்னாரே, இந்தப் பக்கம் பூமி பூட்டிக் கிடக்குன்னு. அன்னைக்கே உங்க மாமா முடிவு பண்ணிட்டாரு."

பழைய வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். அங்கே அடிக்கடி நிலம் லேசாக அதிரும். அலமாரிப் பாத்திரங்கள் கிணுகிணுக்கும், அக்காவின் சின்ன மகள் அலறியடித்துக்கொண்டு எழுவாள். அதனால்தான் அசையாத ஊராகப் பார்த்து வந்துவிட்டார்கள். புத்திசாலித்தனம்தான், அந்த ஒரு சொல் மட்டும் காதில் தலைகீழாக விழாமல் இருந்திருந்தால்.

எங்கள் தொழிலில் 'பூட்டு' என்றால் பத்திரம் அல்ல. பூமிக்கடியில் பாறையின் இரண்டு பக்கங்களும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்தால் சின்னச் சின்ன அதிர்வோடு பாரம் இறங்கிவிடும். நழுவாமல் இறுகிக்கொண்டால்தான் வினை. மேலே ஒரு சலசலப்பும் இருக்காது, உள்ளே வருடா வருடம் இறுக்கம் ஏறும். இந்த ஊருக்கு அடியில் இருக்கும் அப்படியொரு பாறைப் பிளவைக் கணினியில் மாதிரியாக எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். எல்லாத் தடவையும் அது பெரிய பூகம்பமாகப் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. எந்த வருடம் என்பது மட்டும் ஒரு தடவை வந்தது மறு தடவை வராது. டைரக்டர் எச்சரிக்கத்தான் வாயைத் திறந்தார். பாவி மனுஷன், தொழில் பாஷையில் எச்சரித்துவிட்டார்.

மாமா வேலைக்குப் போயிருந்தார். அக்காவை உட்காரவைத்துச் சொன்னேன். "மழையில ஊறின கதவைத் தள்ளிப் பாத்திருக்கியா? அசையவே அசையாது. அப்புறம் திடீர்னு திறந்து நீயே உள்ள போய் விழுவே. அந்த மாதிரி பூட்டுக்கா இது."

அவள் முகம் வெளுத்தது. "எப்போ வரும்?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"நாளைக்கும் வரலாம். சின்னவ பேரன் பேத்தி எடுக்கற வரைக்கும் வராமலும் இருக்கலாம்."

"இதைச் சொல்லவா இத்தனை வருஷம் படிச்சே? ஜோசியக்காரன்கூட ஒரு தேதி சொல்வான்டி!"

சுருக்கென்றது. கோபம் வந்தது. அவள் கேட்டதில் என்ன தப்பு? எனக்கே என்மேல் இருக்கும் ஆத்திரம் அதுதானே.

"கிளம்புக்கா. எங்கூட வந்து இருங்க."

"எங்களைக் கூட்டிட்டுப் போயிடுவே. எதிர் வீட்டுல ரெட்டைக் குழந்தைங்க இருக்கு. அவங்களுக்கு யாரு சொல்வா?"

எழுந்து படுக்கையறை வாசலில் போய் நின்றாள். நானும் பின்னால் போனேன். சின்னவள் மத்தியானத் தூக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தாள். கட்டிலை ஒட்டி ஆளுயரத்துக்கு மேல் ஒரு இரும்பு பீரோ. சற்று முன்புவரை அக்காவுக்கு அது வெறும் பீரோ; இப்போது, பூமி அதிர்ந்தால் பிள்ளைமேல் சாயும் பாரம்.

"மரம் மாதிரி நிக்காதே, அந்தப் பக்கம் பிடி" என்றாள்.

"இழுத்தா கிறீச்சுனு கத்தும்."

"அப்போ தூக்கு."

தூக்கினோம். ஒரு சாண் நகர்ந்திருக்கும். சின்னவள் முனகிப் புரண்டு படுத்தாள். கீழே வைத்தாலும் சத்தம் கேட்கும். விரல் நுனிகள் வெளுக்க, பாரத்தைக் கையில் தாங்கியபடி, நாங்கள் இரண்டு பேரும் அசையாமல் நின்றோம்.