மேடையில் கேட்ட மன்னிப்பு

கூலி வாங்காமல் உழைக்கிறவனை ஊர் கையெடுத்துக் கும்பிடாது. இன்னும் ரெண்டு வேலையைச் சேர்த்துத் தலையில் கட்டும். குழாய்க்காரருக்கு இது தெரியும். தெரிந்தேதான் அந்த நாடகக் கொட்டகையில் போய் மாட்டிக்கொண்டார்.

முன்னே மரக்கிடங்காக இருந்த இடம் அது. கழிப்பறையில் தண்ணீர் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். அடைத்தோமா வந்தோமா என்று இருந்திருக்கலாம். “மேடை ஜன்னலுக்கு வெளியே மழை பெய்ய வைக்க முடியுமா?” என்று பல் டாக்டர் கேட்டார். ஒரு பிளாஸ்டிக் குழாயில் வரிசையாக ஓட்டை போட்டு, ஜன்னலுக்குப் பின்னால் கட்டி, கீழே தொட்டியை வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார். டாக்டர் சொக்கிப் போனார். அன்றிலிருந்து ஆணி அடிக்க, நாற்காலி தூக்க, விளக்கு மாட்ட ஏணி பிடிக்க, எல்லாவற்றுக்கும் குழாய்க்காரர்தான்.

பல் டாக்டர்தான் அங்கே நாடகம் போடுகிறவர். பகலெல்லாம் வாய்க்குள் கையை விட்டு ஒருத்தரையும் பேசவிடமாட்டார். சாயங்காலமானால் பேசு பேசு என்று உயிரை எடுப்பார்.

இந்தத் தடவை நாடகம், ரயில் நிலையத்தில் மழைக்கு மாட்டிக்கொண்ட முன்பின் தெரியாத ரெண்டு கிழவர்களைப் பற்றியது. ஒரு கிழவன் வேஷம் பேக்கரிக்காரருக்கு. இன்னொன்று, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருக்கு. அந்தக் கண்டக்டர் குழாய்க்காரரின் கூடப்பிறந்த அண்ணன். அம்மா செத்ததிலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. கொட்டகையிலும் இவர் ஜன்னலுக்குப் பின்னால், அவன் முன்னால். அது போதுமான தூரமாகத்தான் இருந்தது.

பேக்கரிக்காரர் மாவு மூட்டையோடு வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். நாடகத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. தினமும் ஒத்திகையில் ஜன்னலுக்குப் பின்னால் நின்று மழை விட்டவருக்கு வசனம் பூராவும் மனப்பாடம்.

“நீங்களே நடிச்சுடுங்க ஐயா. எத்தனை பேரோட உழைப்பு!” என்றார் டாக்டர்.

வேஷம் கட்டிப் பேசுவது பேச்சில் சேராது என்று குழாய்க்காரர் மனசைத் தேற்றிக்கொண்டு சரி என்றார்.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அம்மா படுக்கையில் கிடந்தது அண்ணன் வீட்டில். இவருக்கு அப்போது வேறு ஊரில் வேலை. போன் போட்டபோதெல்லாம், “நல்லாத்தான் இருக்காங்க, நீ அலையாதே” என்றான் அண்ணன்காரன். கடைசியில் இவர் வந்து சேர்ந்தபோது மண்ணைப் போட்டு மூடியாகிவிட்டது. “ஏன் எனக்குச் சொல்லல?” என்று கேட்டார். “நடந்தது நடந்து போச்சு” என்றான். அவ்வளவுதான் பதில். அதோடு அறுந்தது பேச்சு.

முதல் நாள் கொட்டகை நிரம்பிவிட்டது. பாதி நாடகத்தில் அண்ணன்காரன், “மழை விடற மாதிரி தெரியலையே” என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. ரெண்டு எட்டு முன்னால் வந்து, ஜனங்களைப் பார்த்து நின்று, நெஞ்சில் கையை வைத்தான்.

“தம்பி! அம்மா சாகக் கிடந்தப்போ உன்னைக் கூப்பிடாம விட்ட பாவிடா நான்! இந்த ஊர் அறியக் கேக்கறேன், என்னை மன்னிச்சிடுடா!”

கண்டக்டர் தொண்டை. கடைசி வரிசைக்கும் போனது. சின்ன ஊரில் யார் வீட்டுச் சண்டை யாருக்குத் தெரியாது? மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அப்புறம் கைதட்டல்.

குழாய்க்காரருக்குக் காது மடல் தகித்தது. உதறினால் கல்நெஞ்சக்காரன் என்பார்கள். கட்டிப் பிடித்தால் இவர் மனசே இவரைக் காறித் துப்பும். பட்டப்பகலில் நாலு பேரை வைத்து வழிமறித்தது போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தன் வசனத்தைச் சொன்னார்.

“ரயில் வரட்டும். மழை கிடக்கட்டும்.”

மன்னித்துவிட்டார் என்று நினைத்துக் கொட்டகையே எழுந்து நின்று தட்டியது. பாவி ஜனங்கள்.

நாடகம் முடிந்ததும் அண்ணன்காரனைச் சுற்றிக் கூட்டம். குழாய்க்காரர் விலக்கிக்கொண்டு போய் நின்றார்.

“ஏன் எனக்குச் சொல்லல? அதைச் சொல்லுங்க.”

“அதான் மேடையிலேயே மன்னிப்புக் கேட்டுட்டேனேடா. இன்னும் என்ன வேணும் உனக்கு?”

அதற்குள் டாக்டர் ஓடி வந்துவிட்டார். “அபாரம்! நாளைக்கும் அதை அப்படியே வச்சுக்கலாம். அழுகை வர்ற இடத்துல மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க.”

“முட்டி போடட்டுமா டாக்டர்?” என்றான் அண்ணன்காரன்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். முந்தின நாள் வாசலில் டிக்கெட் கிழித்துவிட்டு, உள்ளே வந்து நின்று அழுதவர்களில் அவளும் ஒருத்தி.

“ஊரையே கூட்டி வச்சு மன்னிப்புக் கேட்டுட்டாரு. உங்களுக்கு இன்னும் மூஞ்சி தொங்குதே?”

“மூஞ்சியை எந்தப் பக்கம் வச்சுக்கிட்டுக் கேட்டான்?”

அவள் யோசித்தாள். “எங்க பக்கம்... அட, ஆமா!”

“உங்ககிட்ட கேட்டிருக்கான். நீங்களே மன்னிச்சுக்குங்க.”

“அப்போ இன்னைக்குப் போகாதீங்க.”

“போகலைன்னா, அவன் நல்லவன், நான் கிறுக்கன்னு ஆயிடும்.”

ரெண்டாம் நாள் அண்ணன்காரன் முட்டி போட்டான். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினான். துடைக்க வேண்டிய இடத்தில் துடைத்தான். முந்தின நாளைவிடச் சுத்தமாக இருந்தது. அதுதான் குழாய்க்காரருக்குப் பொறுக்கவில்லை. ஜனங்கள் தட்டுவதற்குக் கையைத் தூக்கிக்கொண்டு அவருடைய வசனத்துக்குக் காத்திருந்தார்கள். அவர் சொல்லவில்லை.

“எந்திரிங்க” என்றார். “இந்தப் பக்கம் திரும்புங்க. என் மூஞ்சியைப் பாருங்க.”

“டேய், வசனத்தைச் சொல்லுடா” என்று அண்ணன்காரன் உதடு அசையாமல் முணுமுணுத்தான்.

“அம்மா என்னைக் கேட்டாங்களா, இல்லையா?”

ஓரத்தில் டாக்டர் கையை ஆட்டினார். நாடகம்தான் நடக்கிறது என்று ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

“கேட்டாங்க.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

அண்ணன்காரன் எழுந்தான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். பிறகு வந்த குரல் கண்டக்டர் குரலே இல்லை.

“பீ மூத்திரம் அள்ளினவன் நான். என்னை யாருன்னே தெரியல அவங்களுக்கு. ‘யாருப்பா நீ, சின்னவன் எப்போ வருவான்’னு என்கிட்டயே கேட்டாங்க, தினமும். நீ வந்திருந்தா உன்னைப் பார்த்துச் சிரிச்சிருப்பாங்கடா. அதை நின்னு பார்க்க எனக்கு ஆகல. அதான் சொல்லல.”

குழாய்க்காரர் இத்தனை வருஷம் என்னென்னவோ காரணத்தை நினைத்து அவனைச் சபித்திருக்கிறார். இதை நினைக்கவில்லை. கோபம் இறங்கவில்லை. இன்னும் ஏறத்தான் செய்தது. ஆனால் இப்போது அது வெறும் சுவரை முட்டவில்லை, ஒரு மனுஷனை முட்டியது.

“சத்தமாப் பேசுங்கப்பா! ஒண்ணும் கேக்கல!” என்று கடைசி வரிசையில் எவனோ கத்தினான்.

பழக்கதோஷம், அண்ணன்காரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்பக்கம் திரும்பப் போனான். குழாய்க்காரர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“உங்களுக்கு இல்லய்யா!” என்று கொட்டகையைப் பார்த்துச் சொன்னார். “எனக்குச் சொல்றாரு.”

ரெண்டு நாற்காலியையும் தரதரவென்று இழுத்து, ஜனங்களுக்கு முதுகைக் காட்டிப் போட்டார். “முதுகைக் காட்டாதீங்க! முதுகைக் காட்டாதீங்க!” என்று ஓரத்தில் டாக்டர் தவித்தார். யார் கேட்டார்கள்? அண்ணனை ஒன்றில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்.

“தினமும் கேட்டாங்களா?” என்றார். “என்னன்னு கேட்டாங்க? முதல்லேருந்து சொல்லுங்க.”