பௌர்ணமி தோறும் கடிகாரம்

"இல்லீங்க சார், முப்பது செகண்டு இல்லீங்க. அந்த மாசம் அம்பத்தெட்டு. எழுதி வெச்சிருக்கறனுங்க."

"நீ பேசாதே தொட்டையா. உன்கிட்ட நான் கேக்கல." சந்திரன் மேசையில் விரித்திருந்த வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தாரணி, நீ சொல்லு. முதல்லேருந்து. மெதுவா."

தாரணி நின்றுகொண்டே இருந்தாள். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தோன்றியது.

"மலை மேல டெலஸ்கோப் ஸ்டேஷன்ல இருக்கற கம்ப்யூட்டர் கடிகாரம் ஒரு நாளைக்கு ரெண்டு செகண்ட் வேகமா ஓடுது சார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி இவர் திருத்தி வெக்கறார். மறுபடி வேகமா ஓடுது. மறுபடி திருத்தறார். நம்ம மூணாவது பொருள் இருக்கில்ல, இருபத்தொன்பதரை நாளைக்கு ஒருதரம் சுத்துறது..."

"ம்."

"அது இவர்தான் சார்."

தொட்டையன் சங்கடமாகச் சிரித்தார். தொலைநோக்கியை இயக்கி, கண்ணாடி துடைத்து, பாம்பு விரட்டி முப்பது வருடம் அந்த மலையில் இருந்தவர். கர்நாடக எல்லையோரம் தமிழ் பேசுகிற கௌதள்ளிக்காரர். தன்னைப் பற்றி இவ்வளவு பெரிய இடத்தில் பேசிக் கேட்டது அதுதான் முதல் முறை.

அன்று ஆயுத பூஜை. காலையிலேயே துறையின் எல்லாக் கணினிகளுக்கும் குங்குமம் வைத்து, பொரி கொடுத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு மைசூரே வீட்டுக்குப் போயிருந்தது. நீண்ட நடைபாதையில் இவர்கள் மூவரைத் தவிர யாருமில்லை. சந்திரனின் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க அவர் வைத்திருக்கும் இரும்பு உருண்டைக்கும் யாரோ பொட்டு வைத்திருந்தார்கள். பழைய தொலைநோக்கி ஒன்றின் எதிர் எடை அது. மூன்று கிலோ.

அதன் பின்னால், சுவர் அலமாரியில், நீல ரெக்சின் அட்டை போட்ட பதினொரு தொகுதிகள். வானியற்பியலாளர் சந்திரனின் தொண்ணூற்று நான்கு ஆய்வுக் கட்டுரைகள். அவற்றில் முப்பத்தொன்று ஒரே ஒரு இரட்டை நட்சத்திரத்தைப் பற்றியவை. இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. ஒன்று மற்றொன்றை மறைக்கும்போது வெளிச்சம் குறைகிறது. அந்த மறைப்பு கணக்குப் போட்ட நொடியில் நடக்க வேண்டும். ஆனால் சந்திரன் பார்த்தபோது கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதமாகி, ஒரு நாள் திடீரென்று சரியாகி, மறுபடி தாமதமானது. கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஏதோ ஒன்று அவற்றை இழுக்கிறது என்று அவர் எழுதினார். உலகம் ஒப்புக்கொண்டது. அடுத்த மாதம் அதற்காக ஒரு பரிசு, ஒரு மேடை, ஒரு பொன்னாடை.

இருபத்தொன்பதரை நாள் என்றதும் நிலா நினைவுக்கு வராமல் போகுமா. வந்தது. முதல் கட்டுரையின் நான்காம் பகுதி முழுவதும் நிலவொளி இதற்குக் காரணமல்ல என்ற நிரூபணம்தான். அழகான நிரூபணம். எம்.எஸ்சி. முதலாம் ஆண்டில் அதைப் படித்துவிட்டுத்தான் தாரணி இவரிடம் ஆய்வுக்குச் சேர்ந்தாள். சந்திரன் நிலாவைச் சந்தேகப்பட்டிருந்தார். நிலா முழுதாக இருக்கும் நாளில் தொலைநோக்கியை மூடிவிட்டு, துணியும் பக்கெட்டுமாக உள்ளே நுழைகிற மனிதரை அவர் யோசிக்கவில்லை.

"பக்கத்தைப் படி," என்றார் சந்திரன்.

நோட்டு தொட்டையனின் மடியில் இருந்தது. தினசரிப் பதிவேடு. தேதி, வானிலை, எடுத்த படங்கள், கடைசியில் குறிப்பு என்ற கட்டம். முதல் மூன்றையும் தொட்டையன் எண்களில் எழுதுவார். குறிப்பை மட்டும் தமிழில் எழுதுவார்; ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவர் கற்றது அது ஒன்றுதான். சந்திரன் வீட்டில் பேசுவது தமிழ். ஆனால் மைசூரில் பிறந்து கன்னடமும் ஆங்கிலமும் படித்தவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பதினொரு வருடமாக அந்தக் கட்டத்தை அவர் யாரிடமும் படிக்கச் சொல்லிக் கேட்டதில்லை. பேசுகிற மொழியைப் படிக்கத் தெரியாது என்று ஒரு ஆபரேட்டரிடம் எப்படிச் சொல்வது. தாரணி கௌதள்ளிக்குப் பக்கத்து மார்டள்ளிக்காரி, தமிழ் படித்தவள். போன மாதம் மழையில் மலையில் மாட்டிக்கொண்ட நாலு நாள் பொழுது போகாமல் படித்தாள்.

இப்போது தொட்டையன் விரித்துப் பிடித்த முதல் பக்கத்தைச் சத்தமாகப் படித்தாள். "'இடி விழுந்து, சரியான நேரம் தரும் டைம் பெட்டி எரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் கடிகாரம் மட்டும் ஓடுகிறது. வேகமாக ஓடுகிறது. சாரிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார். அதுவரை பௌர்ணமி தோறும் ரேடியோ செய்திக்கு முன் வரும் பீப் கேட்டுத் திருத்தி வைக்கிறேன்.'"

"எந்த சார்?"

"நீங்கதானுங்க," என்றார் தொட்டையன்.

சந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜன்னலுக்கு வெளியே வாழைக்கன்று கட்டிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"சரி. ஆயித்து. கட்டுரைகளைத் திரும்பப் பெறணும். நான் எழுதறேன். ஸ்டேஷன் ஊழியர் ஒருத்தரோட அலட்சியத்தால நேரப் பதிவு தப்பாயிடுச்சு. ரெண்டு வரி போதும். உன் தீசிஸ் பத்தி நான் பேசிக்கறேன் தாரணி, பயப்படாதே."

அவளுடைய ஆறு வருடமும் அதே கடிகாரத்தின் மேல்தான் நின்றது. அது அவளுக்குத் தெரியும். மலையிலேயே அழுது முடித்திருந்தாள்.

"எனக்கு மார்ச்சுல ரிட்டயர்மென்ட்டுங்க சார்," என்றார் தொட்டையன். "அலட்சியம்னு எழுதினா பென்சனை நிறுத்திப்புடுவாங்க."

"அவர் உங்ககிட்ட சொல்லியிருக்கார் சார். நோட்ல இருக்கு."

"நோட்டைக் குடு."

தாரணியிடம் இருந்தது ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அவர் திருத்திய நொடிகளைத் தட்டச்சு செய்த ஒரு கோப்பு மட்டும். நோட்டு இல்லாவிட்டால் அவை அவளாக அடித்த எண்கள். அவள் தொட்டையனைப் பார்த்தாள். தொட்டையன் நோட்டை மேசை மேல் வைத்தார். வைத்தவர் அதன் மேல் தன் வலது கையையும் வைத்தார்.

"ஸ்டோர் பொருளுங்க. எடுத்துக்கறதுன்னா ரிஜிஸ்டர்ல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க சார்."

முப்பது வருடப் பழக்கம். வேறு எதையும் நினைத்து அவர் சொல்லவில்லை.

சந்திரன் இரும்பு உருண்டையை எடுத்து அந்தக் கையின் மேல் இறக்கினார்.

சாக்பீஸ் ஒடிவது போல ஒரு சின்னச் சத்தம். தொட்டையன் கத்தவில்லை. கையைப் பார்த்தார், சந்திரனைப் பார்த்தார், யாரோ தவறுதலாகக் காலை மிதித்துவிட்டது போல. இரண்டாம் முறை இறங்கியபோதுதான் வாய் திறந்தது. குங்குமப் பொட்டு இருந்த இடம் எது, ரத்தம் எது என்று இனித் தெரியாது.

தாரணி நோட்டை இழுத்தாள். சந்திரனின் கை அவள் பின்னலைப் பிடித்தது. அலமாரியின் இரும்புக் கைப்பிடியில் அவள் நெற்றி போய் மோதியது. கதைகளில் இந்த இடத்தில் நட்சத்திரங்கள் தெரியும் என்று எழுதுவார்கள். அவளுக்குத் தெரிந்தது நீலம். தொகுதிகள் ஒவ்வொன்றாக அவள் மேல் சரிந்து, தோளிலும் கழுத்திலும் விழுந்தன. நோட்டு கையை விட்டுப் போயிருந்தது. கண்ணுக்குள் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது.

தொட்டையன் நாற்காலியோடு கீழே கிடந்தார். சந்திரன் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவருடைய விலாவில் உதைத்தார். ஷூ போட்ட கால். குரல் உயரவில்லை. வகுப்பில் கேள்வி கேட்கிற அதே குரல்.

"பார்க்கலாம்னு நான் சொன்னேனா?"

"சொன்னீங்க சார்."

உதை. "நான் சொன்னேனா?"

"சொன்னீங்க."

"இல்லேன்னு சொல்லு. போதும். இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எழுந்து போ." உதை. "என்னோட தொண்ணூத்து நாலு பேப்பர் தொட்டையா. நீ ஒண்ணாவது பாத்திருக்கியா? சொன்னேனா?"

"ஜீப்புல..." தொட்டையன் இடது கையால் அவர் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். உதட்டோரம் நுரை. "ஜீப்புல ஏறும்போது. கண்ணாடியை இறக்கிச் சொன்னீங்க சார். பார்க்கலாம்னு."

பொய் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தாரணி தரையிலிருந்து அதைப் பார்த்தாள். எழுந்தாள். கைக்குக் கிடைத்தது ஏழாம் தொகுதி, இருப்பதிலேயே தடிமன். இரண்டு கைகளாலும் தூக்கி, சந்திரன் திரும்பிய நேரத்தில் அவர் முகத்தில் அடித்தாள். கண்ணாடி உடைந்து கன்னத்தில் இறங்கியது. மறுபடி அடித்தாள். ரெக்சின் கிழிந்து, அட்டை கழன்று, கட்டுரைகள் கத்தைகத்தையாகப் பறந்தன. மேசை விளிம்பைப் பிடிக்கப் போனவர் பொரித் தட்டோடு விழுந்தார்.

விழுந்தவர் நோட்டைத் திறந்தார். முதல் பக்கம். அவருக்குப் படிக்கத் தெரியாத பக்கம். கிழித்துக் கசக்கிக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"விடுங்க சார்."

அவர் விடவில்லை. தாரணி அந்தக் கை மேல் காலை வைத்தாள். செருப்பின் குதிகால் விரல் கணுக்களைத் தேடிக் கண்டுபிடித்தது. எடை முழுவதையும் அதில் இறக்கி, ஒருமுறை திருகினாள். ஏதோ ஒன்று விலகிக்கொடுத்தது. சந்திரன் முதல் முறையாக அலறினார். இன்னொரு முறை திருக வேண்டிய தேவை இருக்கவில்லை. விரல்கள் ஏற்கெனவே விரிந்துவிட்டன. இருந்தும் திருகினாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. வாழ்க்கையில் அவள் பயந்த எல்லாவற்றையும்விட அந்த ஒரு விநாடி அவளைப் பிறகு அதிகம் பயமுறுத்தப்போகிறது.

அவருடைய விரிந்த கையில் இருந்தது பாதிப் பக்கம். மீதி எங்கோ, கட்டுரைகளுக்கும் பொரிக்கும் நடுவில். தேட நேரமில்லை. தேதி இருந்தது. 'சாரிடம் சொன்னேன்' வரை இருந்தது. அவள் அதை நோட்டுக்குள் வைத்து, நோட்டைச் சுடிதாருக்குள் செருகிக்கொண்டு, தொட்டையனின் நல்ல கையைத் தன் தோளில் போட்டாள்.

"செருப்புங்க அம்மணி. ஒண்ணு உள்ள கெடக்குது."

"விடுங்க அண்ணா. நடங்க."

பின்னால் சந்திரன் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே எல்லாத் தெருவிலும் பூசணிக்காய் உடைந்து கிடந்தது. ஆட்டோக்காரர் இவர்களைப் பார்த்துவிட்டு, "ரத்தா சீட்டுக்கு ஆகாம பாத்துக்கொள்ரி," என்று பாதிக் கன்னடத்தில் சொன்னார். இரண்டு நிமிடம் கழித்து, ஆட்டோவின் பூஜை மாலையோடு கட்டியிருந்த துண்டை உருவிப் பின்னால் நீட்டினார். ஒரு திருப்பத்தில் சக்கரம் பூசணிச் சதையில் வழுக்கியது. தொட்டையனின் கை ஆட்டோக் கம்பியில் இடித்தது. அவர் கண்களை மூடிக்கொண்டு மார்ச் வரை எத்தனை மாதம் என்று விரல் விட்டு எண்ணப் பார்த்தார். விரல்கள் இல்லை. அங்கே வீங்கிய ஏதோ ஒன்று இருந்தது.

அவசரப் பிரிவில் சிஸ்டர் பெட்டி என்று பெயர்ப்பட்டை குத்திய நர்ஸ் இருந்தார். கையைப் பார்த்ததும் கன்னடத்தில் ஆரம்பித்தவர், தொட்டையன் முனகியதைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார்.

"மெஷின்ல மாட்டிக்கிச்சா?"

"இல்லீங்க."

"அப்போ யாராவது அடிச்சாங்களா? அடிச்சாங்கன்னா நான் போலீசுக்கு எழுதணும். யோசிச்சு சொல்லுங்க. எழுதிட்டா மாத்த முடியாது. பேடா அப்பா, வேண்டாம்னு அப்புறம் வந்து நிப்பாங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"எழுதுங்க," என்றார் தொட்டையன். "சந்திரன் சாருங்க. மணி பதினொன்னு நாப்பத்தி ரெண்டு. அவர் ரூம்பு கடிகாரத்துல. அது சரியா ஓடுதான்னு எனக்குத் தெரியாதுங்க."

சிஸ்டர் பெட்டி பேனாவை நிறுத்தி அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுதினார். தாரணியின் நெற்றிக்குப் பஞ்சை அழுத்திக் கொடுத்துவிட்டு, எக்ஸ்ரேக்கு ஆள் கூப்பிடப் போனார்.

தாரணி சுடிதாருக்குள்ளிருந்து நோட்டை எடுத்தாள். அட்டை ஈரமாக இருந்தது. பாதிப் பக்கத்தை விரித்து மடியில் வைத்து நீவினாள். தன் செருப்பின் அடியில் இன்னும் ஒட்டியிருந்த பொரி ஒன்றைப் பார்த்தாள். திங்கட்கிழமை ஆய்வுப் பத்திரிகைக்கு எழுத வேண்டும், முப்பத்தொரு கட்டுரைகளின் பெயரையும், தன்னுடைய ஐந்தையும் சேர்த்து. பிறகு என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருவேளை போலீஸ் அவளுடைய பெயரையும் எழுதும்.

தொட்டையன் சுவரில் மாட்டியிருந்த மாத நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கையைச் சுற்றியிருந்த துண்டிலிருந்து ஒரு சாமந்தி இதழ் கீழே விழுந்தது.

"அம்மணி."

"சொல்லுங்கண்ணா."

"இன்னும் ஆறு நாள்ல பௌர்ணமிங்க. கடிகாரத்த நான் திருத்திக்கறனுங்க, அதுக்கு எடது கை போதும். இந்தக் கையில பேனா நிக்காதுங்க. குறிப்பு மட்டும் நீங்க மலைக்கு வந்து எழுதித் தர்றீங்களா?"