புயத்தில் இறங்கிய சதை

அம்புறோசுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பது கரை முழுக்கத் தெரிந்த சங்கதி. அவன் மனைவி மார்த்தாவின் தமையன் கொன்ஸ்ரன்ரைன் மட்டும் என்ன, குறைந்தவனா? கரையிலிருந்து இழுக்கும் கரைவலையை முதலில் வளைக்கும் முறை யாருக்கு என்று மாசியில் வாய் முற்றிக் கை நீண்டது. கொன்ஸ்ரன்ரைன் துடுப்பால் அடித்த அடியில் அம்புறோசின் வலது தோளில் தசைநார் பிய்ந்துபோயிற்று.

பொலிசுக்குப் போகவிடாமல் கோயில் மூப்பர் யாகப்பர் தீர்ப்புச் சொன்னார். கை ஊனமானால் அடித்தவனின் வலைமுறை அடிபட்டவனுக்கு. இல்லையென்று டொக்குத்தர் சொன்னால் இருவரும் கோயில் வாசலில் கை கொடுக்க வேண்டும். இடையில் எவன் கை ஓங்கினாலும் அவன் முறை பறிபோகும்.

ஆஸ்பத்திரியில் பெரிய டொக்குத்தர் பாதி பிய்ந்து நின்ற நாரைத் தைக்காமல் வெட்டிவிட்டார். நோவு போயிற்று. ஆனால் புயத்துச் சதை கீழே இறங்கி, முழங்கைக்கு மேலே எலுமிச்சம்பழமாய்த் திரண்டு நின்றது. அம்புறோஸ் கண்ணாடியில் தினமும் அதையே பார்த்தான். பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது, சந்தோசமும் வந்தது. அவனுக்கு இருந்த ஒரே சாட்சி அதுதானே!

முருங்கனில் ஒரு புது டொக்குத்தர், படித்து வந்து ஒரு வருசம் ஆகாதவர், பார்த்ததும் முகம் சுளித்துப் பெரிய கோணல், ஊனம்தான் என்று எழுதிக் கொடுத்தார். அம்புறோஸ் கடிதத்தோடு பறந்து வந்தான். வெட்டினவரையும் கேட்கத்தான் வேண்டும் என்று யாகப்பர் இருவரையும் கூட்டிப்போனார்.

பெரிய டொக்குத்தர் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். "முப்பது வருசமா இதைத்தான் பாக்கிறன். இது கோணலில்லைத் தம்பி. சட்டையைப் போட்டா உமக்கே மறந்துபோம்."

அம்புறோசுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. முப்பது வருசம் பார்த்த கண்ணுக்கு எதுதான் கோணலாய்த் தெரியும்?

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் கை கொடுக்க நின்றார்கள். கொன்ஸ்ரன்ரைன் சும்மா இருந்திருக்கலாம். வாய் விட்டதா?

"சட்டையைப் போடு மச்சான், ஒருத்தருக்கும் தெரியாது."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. நீட்டிய அதே வலது கையால் அம்புறோஸ் அவன் தொண்டையைப் பிடித்தான். கொடிமரப் பீடத்தில் அவனை மோதினான். கண்மண் தெரியாமல் முகத்தில் குத்தினான். தாடை முறிந்த சத்தம் மார்த்தாவுக்குக் கேட்டது. இரண்டு பல் மணலில் விழுந்தது, வெள்ளைச் சட்டையெல்லாம் இரத்தம். நாலு பேர் அந்தக் கையில் தொங்கியும் அது நிற்கவில்லை. ஐந்தாவது ஆள் வந்துதான் இழுத்து விழுத்தினார்கள்.

யாகப்பருக்கு மூச்சு வாங்கியது. "ஊனக் கையெண்டுதானே நிண்டனீ? நாலு பேரால பிடிக்க ஏலேல்லையடா."

அம்புறோசின் வலைமுறை அன்றைக்கே கொன்ஸ்ரன்ரைனுக்குப் போயிற்று.

இரண்டு மாதம் கழித்துக் கட்டு அவிழ்த்தபோது கொன்ஸ்ரன்ரைனின் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. மார்த்தா தமையனின் முகத்தைப் பார்த்தாள். புருசனின் கையைப் பார்த்தாள். கோணலா இல்லையா என்று டொக்குத்தரைக் கேட்போம் என இந்த முறை யாரும் சொல்லவில்லை.