பூட்டு விழுந்த பஸ்

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. சத்துணவுக்கூடத்தில் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு சங்கரேஸ்வரி இலஞ்சியில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டேகால். வெயில் தலைக்குள் இறங்கியிருந்தது. கணவர் லிங்கேஸ்வரன் டிவிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்டிக் ஸ்டீயரிங். டிவியில் வழக்கமாக வரும் பஸ் படம் இருந்தது. ஆனால் அதன் மேல் ஒரு பூட்டு.

"பஸ் எடுக்க மாட்டேங்கு," என்றார். பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு வார்த்தைகள் கொஞ்சம் குழறித்தான் வரும். "காலையில இருந்து அமுக்குதேன்."

அவளும் அமுக்கிப் பார்த்தாள். ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. போனில் படம் பிடித்து பெங்களூரில் இருக்கும் மகள் அபர்ணாவுக்கு அனுப்பினாள்.

லிங்கேஸ்வரன் அரசு பஸ் டிரைவர். இருபத்தேழு வருஷம் ஓட்டியவர். அதில் பாதிக்கு மேல் ஆரியங்காவு வழியாக மலை ஏறிக் கொல்லம் போகும் வண்டி. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். இடது பக்கம் விழுந்துவிட்டது. கால் ஓரளவு திரும்பியது. கை திரும்பவில்லை. ஆய்க்குடியில் பிசியோதெரபி பார்க்கும் வேல்விழி ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொன்னாள். இரண்டு நாள் பிசைந்தார். மூன்றாம் நாள் அதை முற்றத்தில் எறிந்துவிட்டார்.

லீவில் வந்த அபர்ணாதான் வீடியோ கேம் பெட்டியையும் ஸ்டீயரிங்கையும் வாங்கி வைத்துவிட்டுப் போனாள். அதில் ஒரு பஸ் ஓட்டும் கேம். வெளிநாட்டு மலைப்பாதை ஒன்று. ஊசி வளைவுகள், ஓரத்தில் பனி, நடுநடுவே நிறுத்தங்கள். முதல் வாரம் இடது கையைத் துண்டால் ஸ்டீயரிங்கோடு கட்டித்தான் ஓட்டினார். ஆறு மாதத்தில் துண்டு தேவைப்படவில்லை. விரல்கள் தாமாகவே மடங்கிப் பிடித்தன. வேல்விழி அதைப் பார்த்துவிட்டு, "பந்தெல்லாம் வேண்டாம் மாமா, நீங்க பஸ்ஸே ஓட்டுங்க," என்று சிரித்தாள்.

அபர்ணா சாயங்காலம் போன் பண்ணினாள்.

"அம்மா, அந்தக் கேமை நாம வெலைக்கு வாங்கலம்மா. மாசச் சந்தா கட்டுதோம்லா, அதுல வந்தது. இப்ப அந்த லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்க."

"அப்ப வெலைக்கு வாங்கிரு."

"விக்கவும் இல்லம்மா. அதுல வர்ற பஸ்ஸெல்லாம் நெசமான கம்பெனி பஸ். அந்தப் பேரைப் போடுததுக்கு ஒப்பந்தம் முடிஞ்சு போச்சாம். ஸ்டோர்ல இருந்தே தூக்கிட்டாங்க. வேற பஸ் கேம் ரெண்டு இருக்கு, இங்க இருந்தே இறக்கித் தாரேன்."

இறக்கித் தந்தாள். ஒன்றில் பஸ் பறந்தது. இன்னொன்றில் ஆளை இடித்தால் மதிப்பெண் கிடைத்தது. லிங்கேஸ்வரன் இரண்டையும் பத்து நிமிஷம் பார்த்தார். "இதுல பிரேக்கே இல்ல," என்று ஸ்டீயரிங்கைக் கீழே வைத்தார்.

அதன் பிறகு அவர் அதைத் தொடவில்லை. காலையில் எழுந்து நாற்காலிக்கு வந்தால் சாப்பாட்டுக்கும் அங்கேதான், தூக்கத்துக்கும் அங்கேதான். இரண்டு வாரத்தில் விரல்கள் மறுபடி உள்ளங்கைக்குள் சுருண்டு, நகம் வெட்டக்கூடப் பிரிக்க முடியாமல் இறுகின. சங்கரேஸ்வரி பந்தைத் தேடி எடுத்து வந்து கையில் திணித்தாள். அவர் அதை நழுவவிட்டார். அவள் எடுத்தாள். மறுபடி நழுவவிட்டார். ஐந்தாவது தடவை குனிந்தபோது அவளுக்கு இடுப்பில் பளிச்சென்று பிடித்துக்கொண்டது.

"நான் ஒருத்தி எத்தனையத்தான் பாக்கது?" என்று கத்திவிட்டாள். "இருநூறு பிள்ளைகளுக்குச் சோறாக்கிட்டு வாரேன். இங்கன வந்தா பந்து பொறுக்குத வேலையா? உங்க கைதான, எங்கையா?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று அவள் சாப்பிடாமல் படுத்தாள். கோபத்தில் அல்ல, எழுந்து தட்டு எடுக்கத் தெம்பில்லாமல்.

மறுநாள் அபர்ணாவே யோசனை சொன்னாள். "அந்தக் கேம் மொதல்ல டிஸ்க்காவும் வந்துச்சும்மா. பழசு எங்கயாவது கெடச்சா நம்ம கையில இருக்கும். யாரும் எடுக்க முடியாது."

குற்றாலத்தில், அருவிக்குப் போகும் ரோட்டில் மசூது என்பவர் ஒரு கேம் சென்டர் வைத்திருந்தார். சீசனுக்கு வரும் குடும்பங்கள் குளித்து முடித்துப் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு அல்வா வாங்கப் போவார்கள். இப்போது அருவியில் பாறைதான் தெரிந்தது; ஓரமாக நூல் போல ஒழுகியது. கடையில் ஒரு ஈ, காக்கை இல்லை. மசூது போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எங்கிட்ட இருந்துச்சுக்கா. வீரகேரளம்புதூர்ல ஹுஸைஃபான்னு ஒரு கூட்டாளி, அவன் வாங்கிட்டுப் போனான். கேட்டுப் பாக்கேன்." பேசிவிட்டு வந்து, "வச்சிருக்கானாம். எடுத்துக்கிடச் சொல்லுதான். நீங்களே போயி வாங்கணும், அவன் கடைய விட்டு வர முடியாது," என்றார்.

சனிக்கிழமை அவள் தென்காசி போய் பஸ் மாறி வீரகேரளம்புதூர் போனாள். ஹுஸைஃபாவின் செருப்புக்கடையைக் கண்டுபிடித்து, கீறல் விழுந்த பிளாஸ்டிக் டப்பாவை வாங்கிக்கொண்டாள். திரும்பும்போது பஸ்ஸில் இடமில்லை. டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபடியே வந்தாள்.

வீட்டில் லிங்கேஸ்வரன் டப்பாவைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு வாரத்தில் முதல் தடவை. அவள் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு பெட்டியின் முன்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் பார்த்தாள். தூக்கிக் கவிழ்த்தாள்.

"எதுல போடணும்?"

அவர் வலது கையால் பெட்டியை வாங்கி மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். எங்கேயும் ஒரு திறப்பு இல்லை.

"அய்யோ அம்மா," என்றாள் அபர்ணா போனில். "டிஸ்க் போடாத மாடல்மா அது. வெல கொறச்சல்னு வாங்கினேன். டிஸ்க் போடுததத் தனியா வாங்கி அதுல மாட்டவும் முடியாது. நான் மறந்தே போயிட்டேன்."

சங்கரேஸ்வரி மகளைத் திட்டவில்லை. போனை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். வெயிலில் வந்த கால் எரிந்தது. அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடு," என்றார். "போதும்."

அந்தப் 'போதும்' அவளுக்குப் பயமாக இருந்தது. கேமைச் சொன்னது போல இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடி குற்றாலம் போனாள். மசூது தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இதே கம்பெனியில முந்தின மாடல் எங்கிட்ட ஒண்ணு கெடக்கு. டிஸ்க் போடுதது. உங்க ஸ்டீயரிங்கும் அதுல வேலை செய்யும். அத நீங்க எடுத்துக்கோங்க, இத எனக்குக் குடுங்க."

"உங்களுக்கு நட்டம் வராதா தம்பி?"

"எனக்கென்ன நட்டம்? இது புதுசு. சீசனுக்கு வர்ற பிள்ளைக இப்ப டிஸ்க்கத் தொடுததே இல்ல. சும்மா இறக்கி விளையாடுததுதான். இனி வர்ற மிஷின் எதுலயும் டிஸ்க் போடுத வழி இருக்காதுன்னு பேசிக்கிடுதாங்க. பெறவு மிஷினே இருக்காதாம், டிவியில நேரா வருமாம்."

"அப்ப அவங்க மூடுனா மூடுனதுதான்."

"அவ்வளவுதான்க்கா. நம்ம வீட்டுல ஓடும். சாவி அங்கன இருக்கும்."

அவர் பழைய பெட்டியைத் துடைத்து, ஒயர்களைச் சுற்றிப் பையில் வைத்தார். "அண்ணாச்சிக்காகத்தான இம்புட்டு அலையுதீங்க," என்றார்.

அவள் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். தெரியாத ஆளிடம் சொல்வது எளிதாக இருந்தது போல.

"எனக்காகவுந்தான். அவுக பஸ் ஓட்டுத நேரத்துலதான் நான் ஒரு ஓரமாப் படுப்பேன். தண்ணி வேணும், தலையணை வேணும்னு கூப்பிட மாட்டாக. ரெண்டு வாரமா எனக்குக் கண்ணே மூடல."

மசூது தலையை ஆட்டினார். பையை அவரே தூக்கிவந்து ஷேர் ஆட்டோவில் வைத்தார்.

வீட்டில் ஒயர்களை மாட்ட முக்கால் மணி நேரம் ஆனது. டிஸ்க் உள்ளே போய்ச் சுற்றும் சத்தம் கேட்டது. பஸ் வந்தது, பூட்டு இல்லை. ஆனால் வழித்தடம் கேட்ட இடத்தில் ஒரே ஒரு படந்தான் இருந்தது. சமதளத்தில் ஒரு நகரம். சிக்னல்கள், குறுகலான தெருக்கள். மலை இல்லை.

அவள் மசூதுக்குப் போன் செய்தாள். "டிஸ்க்ல மொதல்ல வந்தது மட்டுந்தான் இருக்கும்க்கா," என்றார் அவர் வருத்தமாக. "மலை பெறவு நெட்ல தனியாச் சேத்தது. அத இப்ப வாங்க முடியாது."

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். இதற்கு மேல் போவதற்கு ஊர் எதுவும் மிச்சமில்லை. கணவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் அவர் கேட்டுவிட்டிருந்தார்.

"மலை இல்லையா?"

"இல்லையாம்."

அவர் டிவியைப் பார்த்தார். பிறகு கட்டைப்பையின் கைப்பிடி பதிந்து சிவந்திருந்த அவள் விரல்களைப் பார்த்தார்.

"துண்டை எடுத்துக் கட்டு," என்றார்.

அவள் துண்டைக் கொண்டுவந்து, சுருண்ட விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஸ்டீயரிங்கில் வைத்துக் கட்டினாள். அவருக்கு வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். பஸ் கிளம்பியது. முதல் திருப்பத்திலேயே நடைபாதையில் ஏறியது. இரண்டாவது சிக்னலில் நின்ற காரை உரசியது. ஒருவர் ஏறுவதற்குள் கதவை மூடிவிட்டார்.

"இருபத்தேழு வருசத்துல ஒரு கீறல் இல்ல," என்று முனகினார். "மலை சுளுவு. ஒரே ரோடு. ஊருக்குள்ளதான் ஸ்டீயரிங்க ஒடிச்சுத் திருப்பணும்."

உண்மையில் நிறைய ஒடிக்க வேண்டியிருந்தது. இருபது நிமிஷத்தில் அவர் பனியன் நனைந்து, இடது தோள் நடுங்க ஆரம்பித்தது. அவள் நிறுத்தச் சொன்னாள். அவர் அடுத்த நிறுத்தம் வரை கொண்டுபோய், பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டுத்தான் நிறுத்தினார்.

மறுநாள் முதல் தினமும் ஓட்டினார். பிடித்துப் போய் ஓட்டியது போல் இல்லை. டூட்டிக்குப் போவது போல, பேசாமல் உட்கார்ந்து, பேசாமல் முடித்தார். சில நாள் அவளைக் கூப்பிட்டு வழி கேட்டார். "அந்த மஞ்சக் கட்டடத்துல எடமா, வலமா?" அவள் தூக்கக் கலக்கத்தில் எதையாவது சொல்வாள். தப்பாகப் போனால், "ஏட்டி, நீ தூங்கு," என்பார்.

ஏப்ரல் கடைசியில் ஆய்க்குடிக்குப் போனார்கள். வேல்விழி அவர் இடது கையில் ஒரு கருவியைக் கொடுத்து அழுத்தச் சொல்லி அளந்தாள். பழைய தாளை எடுத்துப் பார்த்தாள்.

"பிப்ரவரியில எங்க இருந்துச்சோ அங்க வந்துட்டு மாமா. நல்லாத் தேறிட்டீங்க."

சங்கரேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. "ரெண்டு மாசமா அலைஞ்சது இருந்த இடத்துக்கு வந்து சேரத்தானா?"

"வந்து சேந்ததே பெரிசு அத்தை. நெறையப் பேரு வாரதில்ல," என்றாள் வேல்விழி. "இந்தக் கேமும் போச்சுன்னா என்ன செய்வீங்க?"

லிங்கேஸ்வரன் மேஜையில் இருந்த ரப்பர் பந்துகளில் ஒன்றை எடுத்தார். பிசையவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெளியே ஆட்டோ நின்றிருந்தது. அவர் இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார். கை வழுக்கியது, மறுபடி பிடித்தார். அவள் பின்னால் நின்று, தாங்காமல், ஆனால் தாங்கத் தயாராகக் கைகளை நீட்டியபடி இருந்தாள். காற்று சூடாக அடித்தது. ஆட்டோ இலஞ்சிக்குத் திரும்பும்போது ஆட்டோக்காரர், 'வீடு எந்தத் தெரு?' என்று கேட்டுப் பார்த்தார். பதில் வரவில்லை. இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தார்கள்.