பள்ளத்துக்குள் தப்புச் சத்தம்

மதியம் ரொட்டியைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது. நாங்கள் அள்ளிக்கொண்டிருந்த குப்பைப் பள்ளத்தின் அடியிலிருந்து டம் என்று ஒன்று. சற்றுப் பொறுத்து இன்னொன்று. பக்கத்தில் இருந்த பூரணி, வாயில் வைத்த ரொட்டியை மெல்லாமல் அப்படியே இருந்தாள்.

"சிசிலி, கேட்டுச்சா?"

"தகரமா இருக்கும். சூட்டுல நெளியுது," என்றேன்.

சும்மா சொல்லவில்லை. அந்தப் பள்ளம் உள்ளுக்குள் எப்போதும் புகைந்துகொண்டுதான் இருக்கும். வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக் குப்பை எல்லாம் அங்கேதான். மருந்துப் போத்தல், உரச்சாக்கு, செத்த மாடு, இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர்கள் தூக்க முடியாமல் எறிந்துவிட்டுப் போன அம்மிக்கல். மழையிலும் அது அணைந்ததில்லை. கீழே கொத்மலையில் அணை எழும்பி, தண்ணீர் நிரப்பும் நாள் நெருங்கியதும்தான் அரசாங்கத்துக்கு இந்தப் பள்ளம் ஞாபகம் வந்தது. அழுக்கு நீர்த்தேக்கத்தில் கலக்கக் கூடாதாம். லொறி வந்தது, கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி மாத்தயா வந்தார், அள்ளுவதற்கு நாங்கள் போனோம். இத்தனை காலமாக அந்தப் பள்ளத்து ஊற்றைக் குடித்த எங்களைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

பூரணி சாப்பிடாமல் எழுந்துவிட்டாள். அவளுக்கு அது எந்தச் சத்தமாகக் கேட்டது என்று எனக்குத் தெரியும். அவள் புருஷன் மாயாண்டி எங்கள் தோட்டத்தில் தப்புப் பறை அடித்தவன். விடியற்காலையில் நாங்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி, வேலைக்குக் கூப்பிட அவன் அடிக்கும் பெரட்டுத் தப்பில் செத்த பிணமும் எழுந்து வேலைக்குப் போகும் என்று கேலி பேசுவோம். அப்படி ஒரு வேகம், விரட்டுகிற மாதிரி. யாராவது போய்ச் சேர்ந்தால் அதே தப்பு வேறு மாதிரி பேசும். ஒரு அடி. நிறுத்தம். மறுபடி ஒரு அடி.

பத்து வருஷத்துக்கு முன்னால், பஞ்ச காலத்தில், அடைமழையில், பக்கத்துத் தோட்டத்துச் சாவு வீட்டுக்குத் தப்போடு போனவன் திரும்பவில்லை. அதே கிழமை அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் கப்பலேறினாள். போதாதா? லயத்து வாய்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டன. பூரணி யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. ஒவ்வொரு நாளும் பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு கொழுந்தெடுக்க வந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

மறுநாள் அவளுடைய மண்வெட்டியில்தான் அது தட்டுப்பட்டது. சாக்கெல்லாம் மக்கி, தகரமெல்லாம் துருவேறி உதிர்ந்துகொண்டிருந்த இடத்தில், ஒரு தப்பு. சட்டத்தைச் சுற்றிய சிவப்புச் சேலைக் கிழிசல் பூரணியுடையது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை. நான் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். கொதித்தது. இப்போதுதான் யாரோ தீயில் காட்டி முறுக்கேற்றி வைத்த மாதிரி விறைப்பாக இருந்தது.

அன்றைக்கு அவன் போன சாவு வீட்டுக்குக் குறுக்குப்பாதை அந்தப் பள்ளத்தின் விளிம்போடு போகிறது என்பது அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. அடைமழையில் கால் சறுக்கினால் நேரே குப்பைக்குள்தான்.

பூரணி மாத்தயாவிடம் ஓடினாள். "இன்னும் கொஞ்சம் தோண்டச் சொல்லுங்க மாத்தயா. கீழ ஆள் இருக்கு."

"எந்த ஆள்?"

அவள் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. புருஷன் என்று சொன்னால் பொட்டை அழிக்க வேண்டும். சொல்லாவிட்டால் பள்ளத்தை மண் போட்டு மூடிவிடுவார்கள். அந்த நிமிஷத்தில் அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது எனக்கு.

"அடி வரைக்கும் எடுத்தாச்சி அம்மா," என்றார் மாத்தயா. கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "இனி மண் போடணும். தண்ணி வருது."

செம்மண் லொறி விளிம்பில் வந்து நின்றது. பூரணி தப்பைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள். நானும் பின்னாலேயே இறங்கினேன். அவள் தப்பைத் தோளில் சாய்த்து, கீழே கிடந்த இரண்டு குச்சிகளை எடுத்து அடிக்கத் தொடங்கினாள். பெண் பிள்ளை தப்படித்து நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் அத்தனை வருஷம் விடியற்காலையில் கேட்ட அடியாயிற்றே, ஒன்றுகூடப் பிசகவில்லை. பெரட்டு அடி. எழும்பு, எழும்பு, வா. மேலே வரிசையாக நின்ற எங்கள் ஆட்கள் தங்களை அறியாமல் நிமிர்ந்தார்கள். டிரைவர்கூட எஞ்சினை நிறுத்திவிட்டான்.

அடித்து முடித்தாள். காது கொடுத்து நின்றோம். புகை மட்டும் வந்தது.

"வர்றவருன்னா இதுக்கு வந்திருப்பாருடி," என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் தப்பை மெதுவாகத் தரையில் மல்லாத்தி வைத்தாள். விளிம்பிலிருந்து சரிந்த செம்மண் கொஞ்சம் தோலின் மேல் விழுந்தது.

நான்தான் முதலில் பார்த்தேன். யார் கையும் படாத அந்தத் தோலில் மண் துகள்கள் எல்லாம் ஒன்றாக எழும்பி விழுந்தன. ஒரு தடவை. நிறுத்தம். மறுபடி ஒரு தடவை.

பூரணியின் கை நெற்றிக்குப் போனது. பொட்டின் மேல் விரலை வைத்தபடி, அடுத்த அடிக்காக அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.