கொழுக்கட்டைக் குளிசை

நண்டு அவியும் ஆவி முகத்தில் அடித்தபோதே பத்மாசினியின் இடதுகண் ஓரத்தில் ஒரு கோடு வெள்ளையாய் நெளியத் தொடங்கிவிட்டது. மயிலிட்டிப் பக்கம், ஏற்றுமதிக்கு நண்டு உடைக்கும் கொம்பனி அது. சதையில் ஓட்டுத்துண்டு ஒன்றும் தப்பிப் போகக்கூடாது என்று கூரை முழுக்க ரியூப்லைற் பூட்டியிருந்தார்கள்.

"என்னக்கா, தலையிடி தொடங்கீட்டுதோ?" பக்கத்தில் நண்டு உடைத்துக்கொண்டிருந்த தனுசியா கேட்டாள்.

"ஓமடி. மண்டைக்குள்ளை ஆரோ மேளம் அடிக்கிறாங்கள். நாதஸ்வரக்காரரைத்தான் இன்னும் காணேல்லை."

இன்னொருமுறை பாதியில் எழும்பிப் போனால் திரும்பி வரவேண்டாம் என்று சுப்பர்வைசர் சொல்லியிருந்தார். பத்மாசினி சட்டைப்பையிலிருந்து ஒரு குளிசையை எடுத்து விழுங்கினாள். கொஞ்ச நேரத்தில் மேளம் அடுத்த ஊர்க் கோயிலுக்குப் போய்விட்டது. அவள் அடுத்த நண்டை எடுத்தாள்.

அந்தக் குளிசை யாழ்ப்பாணத்தில் ஒற்றைத் தலையிடிக்கு ஆராய்ச்சி செய்யும் டொக்டர் லக்ஷன் கொடுத்தது. மருந்து கெதியாகக் கரைவதற்காக, மாப்பொருளில் இருந்து செய்த சீனி வளையத்துக்குள் அதை ஒளித்திருப்பதாகச் சொன்னார். வளையத்தின் பெயர் சைக்ளோடெக்ஸ்ட்ரின். அது வாய்க்குள் நுழையாததால் அவள் கொழுக்கட்டை என்று வைத்துக்கொண்டாள். ஒப்பிட்டுப் பார்க்கச் சிலருக்கு உள்ளே மருந்துப் பயறு இல்லாத வெறும் மாவையும் கொடுப்பார்களாம். தன்னுடையது பயறு வைத்ததுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

தலையிடி வரும்போதெல்லாம் போடச் சொல்லியிருந்தார். அவள் வேலைநாளில் மட்டும் போட்டாள். வீட்டில் வந்தால் ஈரத்துணியை நெற்றியில் இறுக்கி, யன்னலைச் சாத்தி, வாளிக்குள் சத்தியெடுத்துக்கொண்டு கிடந்தாள். சும்மா படுத்திருப்பதற்கு நல்ல குளிசையை யார் செலவழிப்பார்கள்? நண்டுக்காலம் வருகிறது. அப்போது ஞாயிறும் வேலை. மிச்சக் குளிசை அட்டைகளைப் பால்மா ரின்னில் சேர்த்தாள்.

டொக்டர் கூப்பிட்ட நாளில் ரின்னோடு போனாள்.

"ஒண்டும் வீணாக்கேல்லை, டொக்டர்."

லக்ஷன் ரின்னைத் திறந்து பார்த்தார். "இவ்வளவு மிச்சமோ? அப்ப தலையிடி குறைவுதானே அம்மா?"

"ஐயோ, அது வந்தது. வீட்டிலை வந்ததைத் தாங்கிக்கொண்டன். வேலைக்கெண்டு சேர்த்து வச்சனான்."

அவர் பேனையை மேசையில் வைத்தார். "ஒவ்வொரு தரமும் போட்டால்தானே மருந்து வேலை செய்யுதோ எண்டு தெரியும்?"

"நான் வேலை செய்யிறனே டொக்டர், அது போதாதோ?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "இனி உங்களை இந்த ஆராய்ச்சியிலை வச்சிருக்கேலாது அம்மா. குறை நினைக்காதேங்கோ."

"அதுக்கென்ன. உந்த ரின்னைத் தாங்கோ, நான் போயிட்டு வாறன்."

"குளிசை தரேலாது. ஆராய்ச்சி மருந்து. மிச்சத்தை எரிக்கவேணும்."

"கடையிலை வாங்கலாமோ?"

"கடைக்கு வர வருசக்கணக்காகும்."

எரிக்கிற பெட்டிக்குள் அட்டைகளைக் கொட்டி மூடிவிட்டு, ரின்னைத் தன் கைலேஞ்சியால் துடைத்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

அடுத்தநாள் காலையில் கொம்பனிக்குள் ஏணி வைத்து, நண்டுக்காலத்துக்கென்று புதிய ரியூப்லைற்றுகள் பூட்டினார்கள். பத்மாசினியின் தலைக்கு நேரே ஒன்று.

"போடு, பார்ப்பம்!" சுப்பர்வைசர் கீழே நின்று கத்தினார்.

வெளிச்சம் இரண்டுதரம் துடித்துவிட்டு நின்று எரிந்தது. இடதுகண் ஓரத்தில் அந்த வெள்ளைக்கோடு நெளிந்தது. பத்மாசினியின் கை பழக்கத்தில் வெறும் சட்டைப்பைக்குள் போய்த் துழாவிவிட்டு வந்து அடுத்த நண்டை எடுத்தது.