ஓடையோரத்துக் குழி

கடப்பாரையும் மண்வெட்டியும் போன திசையைப் பார்த்த பிறகுதான் அம்சவேணிக்கு விஷயம் புரிந்தது. மயானத்துக்குப் போகிறவர்கள் கோயிலைத் தாண்டி மேட்டில் ஏற வேண்டும். அந்த மூன்று பேரும் மரவள்ளிக் காட்டுக்குள் புகுந்து ஓடைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மூவரில் ஒருவன் அவள் புருஷன் செல்வம். ஓடையோரத்தில் அந்த ஊரில் குழந்தைகளைத்தான் புதைப்பார்கள்.

அவள் தம்பி சென்றாயனுக்கு முப்பத்தாறு வயது.

விடியற்காலையில் போயிருந்தான். காய்ச்சலில் ஆரம்பித்து நெஞ்சில் கட்டிய சளி கடைசிவரை இறங்கவில்லை. பிறவியிலேயே கால்கள் மடங்கியவன், படுக்க வைத்து நீட்ட முடியாது என்று வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் துண்டால் கட்டியிருந்தார்கள். பேச்சும் வராது. அக்காளை ‘ஏ’ என்று கூப்பிடுவான். பசித்தால் இரண்டு தடவை. அம்மா செத்த பிறகு அவனைக் குளிப்பாட்டியது, ஊட்டியது, கழுவிவிட்டது எல்லாம் அம்சவேணிதான். இன்றைக்கு அவனை எங்கே வைப்பது என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்க எவனுக்கும் தோன்றவில்லை.

பந்தலில் பெரியப்பா ராசப்பன் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். தகப்பன் இல்லாத அந்த வீட்டுக்கு அவர்தான் பெரிய மனுஷன், ஊர்க்கோயிலுக்கும் அவர்தான். அவள் நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

“ஏனுங் பெரியப்பா, குழி எங்க தோண்டச் சொன்னீங்க?”

“ஓடையோரந்தான் கண்ணு. அவனுக்கென்ன கல்யாணமா காச்சியா, பச்சப்புள்ள கணக்குத்தான. காலு வேற மடங்குன ஒடம்பு. சின்னக் குழி போதும்.”

“மேளம்?”

“கொழந்த சாவுக்கு ஏது மேளம்?” அவர் குரலைத் தாழ்த்தினார். “கோயில் நோம்பி சாட்டியாச்சு கண்ணு. பெரிய சாவுன்னா ஊரே தீட்டு, நோம்பி நின்னு போயிரும். வெளியூர்ல இருக்குற சனமெல்லாம் லீவு போட்டுட்டு வருது. இப்புடின்னா மூணு நாள்ல தலைக்குத் தண்ணி ஊத்திட்டு முடிச்சுக்கலாம்.”

சங்கதி அதுதான். கோயில் திருவிழா நிற்கக்கூடாது என்பதற்காக முப்பத்தாறு வயசு ஆளைக் கைக்குழந்தை ஆக்கிவிட்டார்கள்.

“ஓட்டுப் போடுறப்ப மட்டும் பெரிய ஆளா இருந்தானுங்களா? நீங்கதான ஜீப்பு கொண்டாந்து தூக்கிட்டுப் போனீங்க. அவன் வெரலப் புடிச்சு அமுத்துனது ஆருங்க?”

பந்தலில் இருந்தவர்கள் குனிந்துகொண்டார்கள். ராசப்பன் நிதானமாக எழுந்து போய் எச்சிலைத் துப்பிவிட்டு வந்தார்.

“நேத்து வரைக்கும் பாப்பா பாப்பான்னு நீதான கண்ணு கூப்புட்டே. ஊரு என்ன புதுசாவா சொல்லுது?”

கூப்பிட்டாள்தான். திரும்பி ஓடைப் பக்கம் நடந்தாள்.

வழியில் மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே ஒரு பாறை. வீட்டில் டவர் கிடைக்காது, அங்கேதான் கிடைக்கும். பாறையை நெருங்கியதும் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. தங்கை பூங்குழலி.

கடைக்குட்டி. சேலத்தில் படித்துவிட்டு அயர்லாந்துக்குப் போயிருந்தாள். வேலைக்குப் போயிருக்கிறாள் என்றுதான் ஊரில் பேச்சு. வேலை இல்லை, தொண்டு. சென்றாயனைப் போன்ற பெரியவர்கள் தங்கியிருக்கும் ஓர் இல்லத்தில் அவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, கூட இருக்க வேண்டும். சோறு போட்டுத் தங்க இடம் கொடுப்பார்கள், சம்பளம் கிடையாது. இதைச் சொன்ன அன்று அம்சவேணி கையிலிருந்த ஊதுகுழலைத் தூக்கி எறிந்தாள். சொந்த அண்ணனுக்குத் துணி மாற்றச் சொன்னால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினவள், அதே வேலையைச் செய்ய ஏரோப்ளேன் ஏறிப் போகிறாளாம்.

போன இடத்திலிருந்து ஒரு நாள் உபதேசம் வேறு.

“அண்ணனப் பாப்பான்னு கூப்புடாதக்கா. இங்க மைக்கேல்னு ஒருத்தரு, அண்ணன் மாதிரியேதான். அவரு ரூமுக்குக் கதவத் தட்டிட்டுத்தான் போவோம். எந்தச் சட்ட போடறது, மீசை வெக்கிறதா எடுக்குறதான்னு அவரத்தான் கேப்போம்.”

“தட்டுறதுக்கு இங்க கதவு எங்கடி இருக்குது? மீசை வெச்சா சோறு ஒட்டும். நீ வந்து தொடைப்பியா?”

அவள் அந்த மைக்கேலின் போட்டோவை அனுப்பியிருந்தாள். செம்பட்டை மீசை. சென்றாயன் படத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தான். அதற்கப்புறம் சவரத்தின்போது மேலுதட்டுக்குப் பிளேடு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தான். அம்சவேணி தாடையைப் பிடித்து நேராக்கி வழித்துவிடுவாள்.

போனை எடுத்தாள். அந்தப் பக்கம் அழுகைதான் முதலில் வந்தது.

“அக்கா, டிக்கெட் கெடைக்கலக்கா. அண்ணன் மூஞ்சிய ஒருக்கா காட்டுக்கா.”

“வெள்ளக்காரனுக்குப் பீ அள்ளப் போனவளுக்கு இவன் மூஞ்சி எதுக்குடி?”

பூங்குழலி எதிர்த்துப் பேசியிருந்தால் இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. கீழே கடப்பாரை கல்லில் மோதியது கேட்டது.

“இதச் சொல்லு. உன்ற மைக்கேலு செத்தா அங்க எங்க பொதைப்பாங்க?”

“எல்லாரையும் பொதைக்கிற எடத்துலதான்க்கா.” பூங்குழலிக்குக் கேள்வியே பிடிபடவில்லை. “வேற எங்க பொதைப்பாங்க?”

அம்சவேணி போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள்.

குழி முழங்கால் ஆழம் வந்திருந்தது. நீளம், ஓர் ஆட்டுக்குட்டியை வைக்கலாம். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கி உட்கார்ந்தாள். அவளுக்கே அது பத்தவில்லை.

செல்வம் பதறிப்போனான். “ஏ புள்ள, எந்திரி. ஆராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க.”

“பாக்கட்டும்னுதான் உக்காந்திருக்கறன். போயிப் பெரியப்பனக் கூட்டியா.”

ராசப்பன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். பின்னாலேயே பாதி ஊர்.

“நல்லாக் கேட்டுக்குங்க பெரியப்பா,” என்றாள் அம்சவேணி. அவள் கத்தவில்லை. “அவன இங்க வெச்சா ஊருக்கு மூணு நாளு. எனக்கு முப்பது நாளு. பெரிய சாவுக்கு உண்டான தீட்ட நான் ஒருத்தி காப்பேன். நோம்பியன்னிக்கு அந்தத் தீட்டோட வந்து கோயில் வாசல்ல நிப்பேன். அப்புறம் பூசாரி எப்புடிக் கெடா வெட்டறாருன்னு பாக்குறேன்.”

“இவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு,” என்றது கூட்டத்தில் ஒரு பெண் குரல். ராசப்பன் அவளை அடிக்கப் போகிறவரைப் போலப் பார்த்தார். ஆனால் தீட்டோடு ஒருத்தி வாசலில் நின்றால் நோம்பி அத்தோடு போச்சு என்பது அவருக்குத் தெரியும். சொன்னால் செய்கிறவள் என்பதும் தெரியும்.

“உன்னால நோம்பி தள்ளிப் போகுது. சுத்துப்பட்டு ஊரெல்லாம் கேக்கும். என்னன்னு சொல்றது நானு?”

“எங்க ஊட்டுல ஒரு ஆம்பள செத்துட்டான்னு சொல்லுங்க.”

செல்வம்தான் முதலில் கடப்பாரையைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் மேட்டைப் பார்த்து ஏறினான். மற்ற இருவரும் பின்னால் போனார்கள். ராசப்பன் அவள் முகத்தைப் பார்க்காமல், “மேளத்துக்கு ஆள் அனுப்புங்கடா,” என்று பொதுவில் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அப்புறம் பந்தலில் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதைப் பற்றி அவளும் கவலைப்படவில்லை. செம்மேட்டில் சலூன் வைத்திருக்கும் கார்த்தி பையோடு வந்து சேர்ந்தான். சென்றாயனை அந்த வயசு வரைக்கும் யாரும் சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போனதில்லை. கார்த்தி நுரை போட்டுக் கன்னம் இரண்டையும் வழித்தான். மேலுதட்டருகே கத்தி நின்றது. காய்ச்சலில் கிடந்த நாட்களில் அவள் பிளேடு எடுக்கவே இல்லை. மீசை கருகருவென்று இறங்கியிருந்தது.

“இத எடுத்தரட்டுங்களாக்கா?”

அவனையே கேள் என்று சொல்ல அவள் வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டாள்.

“வேண்டாம். ஒதுக்கி மட்டும் உடு.”

கார்த்தி சின்னக் கத்தரியால் ஒதுக்கினான். சீப்பை வைத்து இரண்டு பக்கமும் வாரினான். முடித்த கையோடு, கடைப் பழக்கத்தில், பையிலிருந்த கைக்கண்ணாடியை எடுத்துச் சென்றாயன் முகத்துக்கு நேரே பிடித்துவிட்டான். பிடித்த பிறகுதான் உறைத்தது. சட்டென்று இறக்கப் போனான்.

“இரு,” என்றாள் அம்சவேணி. “எறக்காத.”

வேலியோரம் மேளக்காரர்கள் சருகைக் கொளுத்தி மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கார்த்தி என்ன செய்வதென்று தெரியாமல், கண்ணாடியைப் பிடித்த கையை மாற்றிக்கொண்டு நின்றான்.